மௌனப்பட ஸ்லாப்ஸ்டிக் (அடி, உதை, விழுதல் நகைச்சுவை): கேள்வி பதில்

வேகம், வித்தை, பிரதி பற்றிக் கேளுங்கள். நடிகர்களின் கல்யாணம், விவாகரத்து வேண்டாம்.

பழையரீல்: சாப்ளின் குறும்படப் பிரதி ஒன்றை ஸ்கேன் செய்தேன். நொடிக்கு 24 ஃபிரேமில் (படச்சட்டம்) ஓட்டினா எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுறாங்க. 16-இல் தூங்கி வழியுது. எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை. அப்போது கேமராவின் கைப்பிடியைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. துரத்தல் வந்தால் வேண்டுமென்றே 12-க்கு இறக்கிச் சுற்றுவார்கள், திரையில் ஆட்கள் பறப்பார்கள். ஆக ஒரே படத்துக்குள்ளேயே வேகம் மாறும்.

எடுத்த வேகம் தெரிய நடிகரைப் பார்க்காதீர்கள், விழும் பொருளைப் பாருங்கள். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து செங்கல் விழ அரை நொடி. கையை விட்டதிலிருந்து தரை தொடும்வரை 8 ஃபிரேம் இருந்தால் 16-இல் எடுத்தது, 6 இருந்தால் 12. தொப்பியை எண்ணாதீர்கள், காற்று தாங்கும்.

ஓட்டுவதற்கு 18-இல் தொடங்கி 20, 22 என்று ஏற்றிப் பாருங்கள். பின்னால் சும்மா நடந்து போகிறவர்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏ.ஐ. வைத்து 60 ஃபிரேம் ஆக்கிவிடாதீர்கள். கன்னத்தில் அறை விழும் கணத்தில் கை வெண்ணெயாக உருகும்.

காபிடம்ளர்: சாப்ளின் ஏன் இவ்வளவு வேகமா நடக்கிறார்?

பதில்: மேலே சொல்லியாச்சு.

மைதாமாவு: முகத்தில் அடிக்கிற பை (pie, அந்தத் தின்பண்டம்) எதில் செய்தது?

பதில்: மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் சொன்ன பக்குவம்: ஒற்றை மாவு ஓடு கையிலேயே நொறுங்கும் என்பதால் சுட்ட மாவு ஓடு இரண்டை ஒன்றாக ஒட்டுவார்கள். உள்ளே மைதாவும் தண்ணீரும் குழைத்த பசை, முகத்தில் அப்பிக்கொள்ளும். அடி வாங்குபவர் வெளிர் உடையில் இருந்தால் மேலே கருநிற பிளாக்பெரி பழம், கறுப்பு உடை என்றால் எலுமிச்சை மெரிங்கு (வெள்ளை முட்டை நுரை). கறுப்பு வெள்ளையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமே!

கச்சிதம்: வேகம் பற்றிச் சொன்னது தப்பு. எடுத்த வேகம்தான் ஓட்டும் வேகம். மௌனப்படம்னா 16.

பதில்: ஒலி வந்த பிறகுதான் 24 என்று ஒரே எண் நிலைத்தது. 1000 அடி 35 எம்.எம். ரீல் 16-இல் 16 நிமிடம் 40 நொடி ஓடும், 24-இல் 11 நிமிடம் சொச்சம். இன்னொரு காட்சி போட ஆசைப்பட்ட அரங்கு எதில் ஓட்டியிருக்கும்?

கச்சிதம்: அது அரங்கின் திருட்டுத்தனம். இயக்குநர் நினைச்சது அது இல்லையே?

பதில்: 12-இல் சுற்றச் சொன்னவர், 12-இல் ஓட்டுவார்கள் என்று நம்பியா சொன்னார்? அப்படி ஓட்டினால் போலீஸ் துரத்தல் மாலை நடையாகிவிடும்.

ரீல்பெட்டி: சண்டையில் குறுக்கிடுறேன். என் பிரதி 24-இல் சரியான வேகம்தான், ஆனா விக்கி விக்கி ஓடுது.

பதில்: ஒலி ப்ரொஜெக்டருக்காகப் பிற்காலத்தில் நீட்டிய பிரதி. ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரட்டித்து, இரண்டை மூன்றாக்கியிருப்பார்கள். மூன்றுக்கு ஒன்றாக இருக்கும் அந்த நகலை முதலில் நீக்குங்கள்; அதற்குமுன் எண்ணினால் செங்கல் கணக்கும் பொய்க்கும். மென்பொருளில் அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலக்கும் வசதியை அணைத்து வையுங்கள். ஏ.ஐ. பற்றி மறுபடி சொல்ல வைக்காதீர்கள்.

சுவரோரம்: கீட்டன் மேல் வீட்டுச் சுவர் விழுமே, ஜன்னல் வழியாத் தப்பிப்பாரே, எப்படி?

பதில்: அது 1928-இல் வந்த முழுநீளப்படம். ஆனால் வித்தை குறும்படத்தில் பிறந்தது: 1919-இல் நடிகர் ஆர்பக்கிளோடு, 1920-இல் 'ஒன் வீக்' குறும்படத்தில். சுவரின் அடியில் கீல். உதாரணத்துக்கு, அடியிலிருந்து 12 அடி தள்ளி நின்றால் பாதத்தை வந்து தொடுவது சுவரின் 12-வது அடி. ஐந்தரை அடி ஆளின் உச்சந்தலையைக் கடப்பதோ 13¼-வது அடி. சுவர் சாய்ந்தபடி வருவதுதான் காரணம். ஜன்னல் திறப்பு இந்த இரண்டு இடங்களையும் உள்ளடக்கி, மேலும் கீழும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். நிற்கும் இடத்தை ஆணியடித்துக் குறிப்பார்கள், அரை அடி நகர்ந்தால் ஆள் காலி. காகித அட்டையில் செய்து பாருங்கள், அதோடு நிறுத்துங்கள்.

கிசுகிசு: சாப்ளினுக்கு எத்தனை மனைவிகள்?

பதில்: முதல் வரியைப் படியுங்கள்.

புதுவரவு: ஐயா, சாப்ளின் படம் ஏன் இவ்வளவு வேகமா...

பதில்: மேலே ஏறுங்கள். செங்கல் தெரியும் வரை.