ஆலோசனைக் குழுவிடம் முறையிட்டால் விதி மாறுமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் அழகு நிலையம் நடத்துகிறேன். ஒரு விதியை மாற்றக் கோரி, மாநில உரிமத் துறையின் ஆலோசனைக் குழுவிடம் முறையிட்டேன். "பரிந்துரைக்க மட்டுமே எங்களால் முடியும்" என்கிறார்கள். பிறகு எதற்கு இந்தக் குழு? கலைத்துவிடலாமே?

பதில்: அவர்கள் சொன்னது உண்மைதான். விதி இயற்றும் அதிகாரம், துறையை வழிநடத்த ஆளுநர் நியமிக்கும் 7 பேர் கொண்ட ஆணையத்திடம் இருக்கிறது. ஆகவே துறைக்கே முறைப்படி மனுக் கொடுங்கள். மாநிலத்தில் வசிப்பவரோ தொழில் நடத்துபவரோ கொடுக்கலாம். 60 நாட்களுக்குள் துறை காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது விதி இயற்றும் பணியைத் தொடங்க வேண்டும். எந்த வரி, எப்படி மாற வேண்டும், மாறினால் வாடிக்கையாளருக்கு ஏன் கேடு வராது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

குழுவைக் கலைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆணையத்தின் 7 பேரும் பொதுமக்களின் பிரதிநிதிகள். கத்தரிக்கோலின் நுணுக்கம் அவர்களுக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். அதிகாரமே தொழில்காரர்களிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை வட கரோலினா மாநிலம் காட்டியது. அங்கே பல் மருத்துவ வாரியத்தின் 8 இடங்களில் 6 பல் மருத்துவர்களுக்கு. மருத்துவர் அல்லாதவர்கள் பல் வெண்மையாக்கும் தொழில் செய்வதை வாரியம் தடுத்தது. அரசு முனைப்பாக மேற்பார்வை செய்யாத அத்தகைய வாரியத்துக்கு, தொழிற்போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்கு எரிச்சல் தரும் அந்த அதிகாரமின்மை, உண்மையில் உங்களுக்குப் பாதுகாப்பு.

சீர்திருத்தம் வேண்டியது ஆலோசனைக் குழுவின் இடப் பகிர்வில். முடிதிருத்தத்துக்கும் அழகுக் கலைக்கும் தனித்தனியாக இருந்த குழுக்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. புதிய குழுவின் 9 இடங்களில் தொழில் செய்வோருக்கு 4, நிலைய உரிமையாளருக்கு 2, பயிற்சிப் பள்ளிகளுக்கு 2. பொதுமக்களுக்கு ஒன்றே ஒன்று! பயிற்சி மணிநேரம் கூடினால் பள்ளிக்கு வருமானம் கூடும்; அந்த மணிநேரத்தைப் பற்றிப் பரிந்துரைக்கும் மேசையில் பள்ளிக்காரர்கள் இருவர். நூலால் புருவம் திருத்தும் த்ரெட்டிங் தொழிலாளர்களிடம் முன்பு டெக்சஸ் மாநிலம் உரிமத்துக்கு 750 மணிநேரப் பயிற்சி கேட்டது. அதில் 320 மணிநேரம் வரை அவர்கள் வேலைக்குத் தொடர்பே இல்லாதது. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2015இல் அந்த நிபந்தனையை நீக்கியது.

பொதுமக்களுக்குக் குறைந்தது 3 இடம் வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையோடும், அது எந்த உடல்நலக் கேட்டைத் தடுக்கிறது என்று எழுத்தில் சொல்லவும் வேண்டும். இடங்களின் எண்ணிக்கை சட்டத்திலேயே இருப்பதால் அதை ஆணையம் மாற்ற முடியாது. சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும். அதன் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கி, அதிகபட்சம் 140 நாட்கள் நடக்கும். உங்கள் தொகுதி உறுப்பினரை அதற்கு முன்பே பாருங்கள்.