பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா?

கே: நிலக்கடலை விதையில் ரைசோபியம் (வேர் முடிச்சில் தங்கி, காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தரும் பாக்டீரியா) கலந்து விதைத்தேன். யூரியாவும் தாராளமாகவே போட்டேன். வேரில் முடிச்சே சரியாக இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (விருத்தாசலம்)

ப: அவரை விடுங்கள். யூரியாவால் மண்ணிலேயே தழைச்சத்து கொட்டிக் கிடந்தால், கடலைச் செடி எதற்கு வேரில் விருந்தாளியை வைத்துச் சோறு போடும்? இருக்கிற முடிச்சில் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

கே: அசோஸ்பைரில்லம் (இதுவும் தழைச்சத்து தரும் பாக்டீரியாதான்) பாக்கெட்டில் தேதியின் மேல் ஸ்டிக்கர். ஓரத்தை உரித்தால் அடியில் பழைய தேதி. “மண்ணில்தானே போடப்போறீங்க” என்கிறார் கடைக்காரர். பில் இருக்கிறது. (அரூர்)

ப: பில் வாங்கிய உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது. இப்படி பாக்டீரியா அடைத்து விற்கும் உயிர் உரம் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. பொடி என்றால் கிராமுக்கு 5 கோடி பாக்டீரியாவாவது உயிரோடு இருக்க வேண்டும். தேதி போனால் அந்த எண்ணிக்கையும் போகும். மிஞ்சுவது கறுப்புத் தூள். ஸ்டிக்கரோடு போட்டோ எடுங்கள், பிரிக்காத பாக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே அசையாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

கே: மண் பரிசோதனைக்கு நேரமில்லை. எந்த பாக்டீரியா வாங்கலாம்?

ப: எதையும் வாங்காதீர்கள்.

கே: மாடித் தோட்டத்துக்கு ‘பல வகை நுண்ணுயிர்’ திரவம், லிட்டர் 900 ரூபாய். வாங்கலாமா? (தாம்பரம்)

ப: நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். திறந்தால் வெல்லப்பாகு வாசனை. லேபிளில் ஒரு பாக்டீரியாவின் பெயர்கூட இல்லை. தக்காளி எப்போதும்போல் காய்த்தது. அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை நல்ல மண்ணிலேயே பாக்டீரியா கோடிக்கணக்கில் உண்டு. எந்த வகை பெருகும், எது ஒடுங்கும் என்பதைப் பெரும்பாலும் மண்ணின் அமில காரத் தன்மையும் நாம் போடும் தீனியும் முடிவு செய்கின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1856 முதல் ஒரே புல்வெளிக்குப் பாத்தி பாத்தியாக வேறு வேறு உரம் போட்டு வருகிறார்கள். சுண்ணாம்பே காட்டாமல் அம்மோனியம் சல்பேட் நிறையப் போட்ட பாத்திகளில் பி.எச். (அமில காரத் தன்மையின் அளவு) 4-க்கும் கீழே இறங்கி, மண் கடும் அமிலமானது. காய்ந்த புல் மக்காமல் பாய்போலப் படிந்தது, மக்க வைக்கிற கூட்டம் ஒடுங்கிவிட்டதால். அப்படிப்பட்ட மண்ணில் பாட்டிலை ஊற்றி என்ன ஆகப்போகிறது? 900 ரூபாய்க்கு மக்கிய தொழுவுரம் வாங்குங்கள். தொட்டியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள்.

கே: மீந்த பாஸ்போபாக்டீரியா (மண்ணில் உள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாக்டீரியா) பாக்கெட்டைப் பங்குனியிலிருந்து டிராக்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆடிக்கு ஆகுமா?

ப: சித்திரை வெயிலிலுமா? எருக்குழியில் கொட்டுங்கள்.