வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனாலும் பத்து மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை. ஏன்?

மூன்று வேளையும் ஊட்டுகிறோம், குழந்தையும் அழாமல் தூங்குகிறது, ஆனால் அங்கன்வாடியில் எடை குறைவு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கஞ்சியின் பதத்தைப் பாருங்கள். அரிசிக்குப் பஞ்சமில்லாத வீட்டில் இந்த வயதுக் குழந்தை மெலிந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

கணக்கு இதுதான். 9 முதல் 11 மாதம் வரை, தாய்ப்பால் போக, உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 300 கிலோகலோரி வேண்டும். 6-8 மாதத்தில் 200, ஒரு வயதுக்கு மேல் 550. குழந்தையின் இரைப்பை எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவுதான் கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு 240 கிராம்; பெரும்பாலும் அதில் பாதிதான் உள்ளே போகும். டம்ளரில் ஊற்றினால் ஓடுகிற கஞ்சியில் 100 மில்லிக்கு 35 கிலோகலோரி தேறினாலே அதிகம். வேளைக்கு 120 மில்லி, மூன்று வேளை என்றால் மொத்தம் 126. வயிறு ரொம்பிவிட்டதால் குழந்தை தூங்கிவிடும். தேவையில் பாதிகூடப் போகவில்லை என்பது எடை போடும்போதுதான் தெரியும். பருப்புத் தண்ணீரும் காய்கறி சூப்பும் இதே ரகம்.

கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாத பதம் வேண்டும். அரிசி 3 பங்கு, பாசிப்பருப்பு 1 பங்கு போட்டுக் குழைய வேகவைத்து மசித்து, வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். அந்த ஒரு டீஸ்பூனிலேயே 40 கிலோகலோரி கிடைக்கும், வயிற்றில் இடமும் பிடிக்காது. இப்படிக் கொடுத்தால் அதே 120 மில்லியில் 130 கிலோகலோரி போல வரும். மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், கீரை, நைசாகப் பொடித்த வேர்க்கடலை என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். கடலையை முழுதாகக் கொடுத்தால் புரையேறும்.

கெட்டியாக இருந்தால் துப்புகிறதா? தண்ணீர் ஊற்றாதீர்கள், முளைகட்டிய கேழ்வரகு மாவு சேருங்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை முதல் இரண்டு நாள் முளைக்க விட்டு, நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்துப் புடைத்து அரைக்க வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, கொதி அடங்கி இன்னும் கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது, ஒரு டம்ளர் கூழுக்கு ஒரு டீஸ்பூன் இந்த மாவைத் தூவிக் கிளறினால் சில நிமிடத்தில் இளகிவிடும். முளைவிடும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இளக்கம் இது, கலோரி குறையாது. பலருக்கு இது பலிக்காமல் போகக் காரணம், வாசனைக்காக மாவைச் சிவக்க வறுத்துவிடுவது, இல்லையென்றால் கொதிக்கும் கூழிலேயே போடுவது. இரண்டிலுமே நொதி செத்துவிடும். இளகிய பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். வறுக்காத மாவில் கிருமி இருக்கலாம்.

அடுத்தது நோய். பேதியானால் வயிற்றைக் காயப்போடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பேதியானால் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாள் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குணமான பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இழந்த எடை திரும்புவதற்குள் அடுத்த சளியோ பேதியோ வர, வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு ஏறாமல் படுத்தே கிடக்கும். ஆடு கோழி உலவும் தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கும், சரியாகக் கழுவாத பால் புட்டியில் குடிக்கும் குழந்தைக்கும் குடல் ஓயாமல் புண்பட்டு, சாப்பிட்டதும் ஒட்டாது.

டீயும் பிஸ்கட்டும் பசியைக் கொல்லும்; டீ இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. விளம்பரத்தில் வரும் பவுடர்களைப் பற்றி என் கருத்து: அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

வேர் இன்னும் பின்னால் போகிறது. தாய்க்கு ரத்தசோகை, சிறுவயதுக் கல்யாணம், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிறப்பு எடை, இரண்டு வருட இடைவெளி இல்லாமல் அடுத்த கர்ப்பம் (சவலைப் பிள்ளை என்போமே), தாய் வேலைக்குப் போனபின் நடுவில் ஊட்ட ஆளில்லாத ஆறேழு மணி நேரம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் 35.5. நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதம்தான். அரிசி இருந்தும் இந்த நிலை.

மாதாமாதம் ஒரே தராசில், துணி குறைத்து எடை போடுங்கள். ஒரு மாத எடையைவிட அட்டையில் கோடு போகும் போக்கு முக்கியம். இடது மேற்கையின் நடுவில், கை தளர்ந்து தொங்கும்போது சுற்றளவு பாருங்கள்: 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மிதமான குறைபாடு, 11.5-க்குக் கீழே என்றால் தீவிரம். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். குழி நின்றாலோ (அது நீர்வீக்கம்), கைச்சுற்று 11.5-க்குக் கீழே இருந்து குழந்தை சாப்பிடவும் மறுத்தாலோ, வீட்டு வைத்தியமும் டானிக்கும் வேண்டாம். ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோங்கள். வீங்கிய குழந்தைக்கு எடுத்த எடுப்பில் நிறையப் புரதமும் கலோரியும் ஊட்டினால் உடம்பு தாங்காது. அங்கே சில நாள் குறைந்த புரதமுள்ள பால் கலவையில் தொடங்கித்தான் மெல்ல ஏற்றுவார்கள்.