பிரவுசர் திடீரென இழுக்கிறதா? ஃபார்மேட் போடும் முன் ஷிஃப்ட், எஸ்கேப்!
கம்ப்யூட்டர் கேள்வி–பதில்

கேள்வி: ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு சிஸ்டம், ஒரே வைஃபை. ஒன்று நன்றாக ஓடுகிறது. இன்னொன்றில் போன வாரத்திலிருந்து குரோம் ஜவ்வாக இழுக்கிறது. பெயரை டைப் அடித்தால் எழுத்து திரையில் வர இரண்டு விநாடி ஆகிறது. பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷைத் (cache) தினமும் துடைத்துப் பார்த்துவிட்டேன். ஃபார்மேட் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பக்கத்து சிஸ்டம் அதே வைஃபையில் ஓடுவதால் நெட் இணைப்பு தப்பித்தது. அதைவிட முக்கியம், எழுத்தே தாமதமாக வருவது. நீங்கள் அடிக்கும் எழுத்தைக் கட்டத்துக்குள் காட்ட பெரும்பாலும் நெட் தேவையில்லை. அது உங்கள் சிஸ்டத்தின் வேலை. ஆகவே உள்ளே ஏதோ ஒன்று பிராசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது.

எது என்று பார்த்துவிடலாம். வழக்கமாகத் திறக்கும் டேப்களை எல்லாம் திறந்துகொண்டு, ஷிஃப்ட்டை அழுத்தியபடி எஸ்கேப்பைத் தட்டுங்கள். குரோமின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வேறு. அதற்கு கன்ட்ரோலும் சேர வேண்டும். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஷிஃப்ட், எஸ்கேப்தான். வந்த பட்டியலில் 'சிபியு' (பிராசஸர்) என்ற தலைப்பை கிளிக் செய்து, பெரிய எண் மேலே வரும்படி வையுங்கள். பிறகு ஒரு நிமிடம் மவுஸைத் தொடாதீர்கள். சும்மா இருக்கும் பிரவுசரில் எண்கள் இறங்கி 0, 1, 2 என்று வந்துவிடும். ஒரு வரி மட்டும் 60, 80 என்று இறங்காமல் நின்றால் அதுதான் ஆள். வரி 'டேப்' என்று தொடங்கினால் அந்தப் பக்கத்தை மூடினால் போதும். 'எக்ஸ்டென்ஷன்' (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சிறு துணை நிரல்) என்று தொடங்கினால் அந்த வரியைத் தேர்ந்து 'எண்ட் பிராசஸ்' கொடுங்கள். உடனே எழுத்து ஓடி வந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

உங்களைப் போன்ற கடைகளில் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான் அகப்படும். போட்டோவை 50 கேபிக்குள் குறுக்க ஒன்று, பிடிஎஃப் சேர்க்க ஒன்று என்று அவசரத்துக்குப் போட்டது அப்படியே தங்கிவிடும். 'நான் புதிதாக எதுவும் போடவில்லையே' என்பீர்கள். போட வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன்கள் கேட்காமலே தானாக அப்டேட் ஆகும். எழுதியவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டால், அடுத்த அப்டேட்டில் விளம்பரமும் வேவு பார்ப்பதும் சேர்ந்து வரலாம். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பட்டியலில் எதுவும் தனித்துத் தெரியவில்லை என்றால், மேலே வலது ஓரத்து மூன்று புள்ளிகள் வழியாக 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' போய்ப் பாதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேகம் திரும்பினால் அணைத்த பாதியில்தான் கோளாறு, அதையும் பாதியாக்குங்கள். எட்டு இருந்தாலும் மூன்று சோதனையில் முடிந்துவிடும். கண்டுபிடித்ததை அணைத்து வைக்காமல் 'ரிமூவ்' கொடுங்கள்.

வேகத்தைவிட இதில் எங்களுக்குக் கவலை வேறு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 'டீட்டெயில்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. எல்லா இணையதளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி என்று அங்கே இருந்தால், வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும் நீங்கள் அடிக்கும்போதே அதன் கண்ணில் படும். ஊரார் சான்றிதழ்கள் கடந்து போகும் சிஸ்டத்தில் இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு மேல் வைக்காதீர்கள்.

கேஷைத் தினமும் துடைப்பதையும் நிறுத்துங்கள். அடிக்கடி போகும் தளங்களின் படங்களையும் நிரல்களையும் மறுபடி இறக்காமலிருக்கத்தான் கேஷ். துடைத்தால் அத்தனையும் முதலிலிருந்து இறங்கும், மெதுவாகத்தான் திறக்கும். ஒரே ஒரு தளம் மட்டும் பழைய பக்கத்தைக் காட்டி முரண்டு பிடித்தால் துடைக்கலாம்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும், லாக்-இன்கள் கலைந்துவிடும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. ஃபார்மேட்டில் இவையும் போய்விடக்கூடும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. லேப்டாப்பில் காலையில் பிரவுசர் பறக்கிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர்கிறது. நெட் கம்பெனிக்காரர்கள் லைன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நேரத்தைப் பார்த்தால் சூடுதான் முதல் சந்தேகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு'வைப் பாருங்கள். 'ஸ்பீட்' (இப்போதைய வேகம்), 'பேஸ் ஸ்பீட்' (வழக்கமான வேகம்) என்று இரண்டு எண் இருக்கும். ஊரும் நேரத்தில் பிரவுசரில் ஒரு வீடியோவை ஓட விட்டுக் கவனியுங்கள். பேஸ் ஸ்பீட் 2.40 என்றிருக்க, ஸ்பீட் 0.80 பக்கமே முடங்கிக் கிடந்தால், பிராசஸர் தன் சூட்டைக் குறைத்துக்கொள்ள வேகத்தைத் தானே வெட்டிக்கொள்கிறது.

கடலோரத்தில் இது சீக்கிரம் வருகிறது. உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் தூசி ஒட்டும். மின்விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் இடையே அது கம்பளித் துண்டு மாதிரி படிந்து, காற்று போகும் வழியையே அடைத்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லேப்டாப்பின் காற்றுத் துளையில் கை வைத்துப் பாருங்கள்: விசிறி சத்தம் பலமாக இருந்தும் காற்று மெல்லத்தான் வந்தால் அடைப்பு உறுதி.

சர்வீஸில் கொடுக்கும்போது விசிறியைக் கழற்றித் தகடுகளைச் சுத்தம் செய்யவும், பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றவும் சொல்லுங்கள். கழற்றாமல் புளோயரால் ஊதினால் அந்தப் படிவு உள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும். விசிறியும் தாறுமாறாகச் சுற்றிப் பழுதாகலாம். அதுவரை மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். சார்ஜரை மாற்றியிருந்தால் அதையும் பாருங்கள். பொருந்தாத சார்ஜரை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்களும் உண்டு.

கேள்வி: விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். நாலு டேப் திறந்தாலே நின்றுவிடுகிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அது 2023 ஜனவரியில் வந்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு சரி. அந்த சிஸ்டத்தில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். 4 ஜிபி ரேமை 8 ஆக்கி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவிக்கொள்ளலாம். செலவை ஒன்றோடு நிறுத்த வேண்டுமென்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள். ரேம் நிரம்பியதும் சிஸ்டம் டிஸ்க்கைத்தான் ரேமாகப் பயன்படுத்தும். நாலாவது டேப்பில் நிற்பது அங்கேதான்.