500 சதவீத டிவிடெண்டும் கையில் வந்த 400 ரூபாயும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நாளிதழின் வணிகப் பக்கத்தில் கண்ட ஏதாவது ஓர் எண் விளங்காமல் எழுதப்பட்டவை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களைவிட இவற்றுக்குப் பதில் எழுதுவதே எனக்கு விருப்பம் என்பதால், இம்முறை முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2024 ஜூன் 4 அன்று சென்செக்ஸ் ஏறக்குறைய 4,390 புள்ளிகள் சரிந்து, முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து என் தந்தை பங்குச்சந்தை என்ற பேச்சையே வீட்டில் எடுக்க விடுவதில்லை. அவ்வளவு பணம் ஒரே நாளில் யாரிடம் போனது?
- தூத்துக்குடியிலிருந்து, அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு வாசகர்

பதில்: முதலில் புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். மும்பை பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துச் சொல்லும் குறியீடுதான் சென்செக்ஸ். 1978-79ஆம் ஆண்டின் நிலையை 100 என்று வைத்துக்கொண்டு அது கணக்கிடப்படுகிறது. மக்களவைத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நடந்த அந்த ஜூன் 4ஆம் தேதி, 76,468இல் இருந்த குறியீடு 72,079க்கு இறங்கியது. புள்ளிகளில் பார்த்தால் அதுவரை கண்டிராத சரிவு. சதவீதத்தில் பார்த்தால் 5.74. பங்குப் பத்திர ஊழல் வெளிவந்த நேரமான 1992 ஏப்ரல் 28 அன்று சரிந்தது வெறும் 570 புள்ளிகள். ஆனால் அப்போது குறியீடே 4,500க்குக் கீழே இருந்ததால், அது ஏறக்குறைய 12.8 சதவீத வீழ்ச்சி. கொரோனாவையொட்டி 2020 மார்ச் 23 அன்று ஏற்பட்ட 3,934 புள்ளிச் சரிவு 13 சதவீதத்துக்கும் மேல். ஆகவே, 'வரலாறு காணாத சரிவு' என்ற தலைப்பைக் கண்டதும், எத்தனை புள்ளிகளிலிருந்து எத்தனை புள்ளிகள் என்று தேடுங்கள். பல சமயம் அந்த விவரம் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

அடுத்தது, 31 லட்சம் கோடி. உங்கள் தெருவில் பத்து மனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 20 லட்சம் ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். மகள் திருமணத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டு ஒருவர் தன் மனையை 18 லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். கடைசியாக நடந்த விற்பனையின் விலையை எல்லா மனைகளுக்கும் பொருத்திப் பார்த்தால், அந்தத் தெருவின் மதிப்பு ஒரே நாளில் 20 லட்சம் குறைந்துவிட்டது என்று எழுதலாம். உண்மையில் 2 லட்சத்தை விட்டுக்கொடுத்தவர் விற்றவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் வழக்கம்போல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பங்குச்சந்தையின் மொத்தச் சந்தை மதிப்பும் இப்படித்தான் போடப்படுகிறது: கடைசியாகக் கைமாறிய விலையை அந்த நிறுவனத்தின் அனைத்துப் பங்குகளாலும் பெருக்கி, எல்லா நிறுவனங்களுக்கும் கூட்டுகிறார்கள். அந்தத் தொகை குறைந்ததைத்தான் இழப்பு என்று எழுதினார்கள். அது யாருடைய பெட்டிக்கும் போய்ச் சேரவில்லை. மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, சென்செக்ஸ் 76,693இல் முடிந்தது.

இதனால் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லிவிட முடியாது. பயந்துபோய் அன்றே விற்றவர்களும், கடன் வாங்கியோ, வருங்கால விலையைக் கணித்துச் செய்யும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்திலோ பணத்தைப் போட்டிருந்தவர்களும் உண்மையாகவே இழந்தார்கள். விலை மூன்று நாளில் மீண்டுவிடும் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. அடுத்த ஆண்டே தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதே என்று உங்கள் தந்தை சொல்வாரானால், நான் அவர் பக்கம்.

கேள்வி: ஒரு நிறுவனம் 500 சதவீத டிவிடெண்ட் அறிவித்ததாகப் படித்து, அதன் 40 பங்குகளை 50,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் கணக்கில் வந்ததோ 400 ரூபாய். ஏமாற்றப்பட்டேனா?
- ஓசூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: யாரும் உங்களை ஏமாற்றவில்லை, சதவீதம் எதன் மீது என்பதை அந்தச் செய்தி சொல்லாமல் விட்டுவிட்டது. டிவிடெண்ட் என்பது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் தொகை. அதன் சதவீதம் பங்கின் முகமதிப்பின் மீது, அதாவது பங்குக்கு நிறுவனம் குறித்து வைத்திருக்கும் அடிப்படை மதிப்பின் மீது கணக்கிடப்படுவது, நீங்கள் கொடுத்த விலையின் மீது அல்ல. உங்கள் கணக்கிலிருந்தே இது தெரிகிறது. பங்கு ஒன்றுக்கு வந்தது 10 ரூபாய். 500 சதவீதம் 10 ரூபாய் என்றால் முகமதிப்பு 2 ரூபாய். நீங்கள் ஒரு பங்குக்குக் கொடுத்தது 1,250 ரூபாய் என்பதால், உங்களுக்குக் கிடைத்தது 0.8 சதவீதம். சேமிப்புக் கணக்கின் வட்டியே இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

முகமதிப்பிலேயே பங்குகள் வெளியிடப்பட்ட காலத்தில் 20 சதவீத டிவிடெண்ட் என்றால், 10 ரூபாய் போட்டவருக்கு 2 ரூபாய் என்று நேராகப் பொருள்பட்டது. பிறகு நிறுவனங்கள் வளர்ந்து சந்தை விலை நூறு மடங்காகியும், முகமதிப்பு 10இலிருந்து 2 ரூபாய், 1 ரூபாய் என்று பிரிக்கப்பட்டும், சொல்லும் முறை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. தலைப்பு எழுதுபவர்களுக்கும் 'பங்குக்கு 10 ரூபாய்' என்பதைவிட '500 சதவீதம்' எடுப்பாகத் தெரிகிறது போலும்.

டிவிடெண்டுக்காகவே கடைசி நேரத்தில் வாங்குவதில் பெரிய பயன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். டிவிடெண்ட் யாருக்கு என்று பங்குதாரர் பட்டியலைப் பார்த்து நிறுவனம் முடிவு செய்யும் பதிவுத் தேதிக்கு முந்தைய வேலை நாளுக்குள் பங்கை வாங்கியவருக்கே அது கிடைக்கும். அந்த உரிமை நீங்கிய நாளில் பங்கின் விலையும் பெரும்பாலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துதான் தொடங்கும். இதற்கு மேல், 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது.

கேள்வி: புதிதாக வரும் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றின் யூனிட் 10 ரூபாய்தான், பழைய ஃபண்டின் யூனிட் 500 ரூபாய், மலிவாக இருக்கும்போதே வாங்குங்கள் என்கிறார் முகவர். சரியா?
- விழுப்புரத்திலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: சரியில்லை. இரண்டு ஃபண்டுகளும் ஒரே பங்குகளை வைத்திருந்து, அவை 12 சதவீதம் உயர்ந்தால், நீங்கள் போட்ட 10,000 ரூபாய் இரண்டிலும் 11,200 ரூபாயாகவே ஆகும். ஒன்றில் 1,000 யூனிட், மற்றதில் 20 யூனிட் இருக்கும் என்பதுதான் வேறுபாடு. ஒரு கிலோ அரிசியைப் பத்துப் பொட்டலமாகக் கட்டினாலும் எடை ஒரு கிலோதான். பழைய ஃபண்டிலாவது, கடந்த ஆண்டுகளில் அது எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க முடியும்.

கேள்வி: பணவீக்கம் குறைந்தது என்று வானொலியில் சொல்கிறார்கள். எங்கள் ஊர் மளிகைக் கடையில் ஒரு பொருளும் விலை குறையவில்லையே?
- புதுக்கோட்டையிலிருந்து ஓர் இல்லத்தரசி

பதில்: கடைக்காரரும் வானொலியும் ஒரே சமயத்தில் சரியாகச் சொல்ல முடியும். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வண்டியின் வேகம் அறுபதிலிருந்து முப்பதாகக் குறைந்தாலும், வண்டி முன்னேதான் போய்க்கொண்டிருக்கும்.

உண்மையான எண்களையே எடுத்துக்கொள்வோம். தக்காளி விலை வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த 2023 ஜூலையில், நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். அடுத்த ஆண்டு ஜூலைக்கு முதலில் வெளியான எண் 3.54 சதவீதம், ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் இல்லாத குறைவு என்று எழுதினார்கள். 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு 2023 ஜூலையில் நீங்கள் கொடுத்தது 107 ரூபாய் 44 காசு. 2024 ஜூலையில் அதே பைக்கு 111 ரூபாய்க்கும் மேல். முந்தைய ஆண்டு ஏற்கெனவே உயர்ந்து நின்ற விலையோடு ஒப்பிட்டதால்தான் சதவீதம் சிறுத்துத் தெரிந்தது. விலைகள் உண்மையிலேயே இறங்க வேண்டுமென்றால், அந்தச் சதவீதம் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும்.

இன்னொன்று: அந்தக் குறியீடு நாடு முழுவதற்குமான சராசரி. வீட்டு வாடகை, துணிமணி, பேருந்துக் கட்டணம், மருத்துவம் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் வீட்டு வருமானத்தின் பெரும்பகுதி மளிகைக்கும் காய்கறிக்குமே போகிறதென்றால், உங்கள் வீட்டுப் பணவீக்கம் வேறாகவே இருக்கும். மூன்று நான்கு மாத மளிகைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்துப் பாருங்கள். வானொலி சொல்லாத கணக்கு அதில் கிடைக்கும்.

கேள்வி: 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 50 புள்ளிகள் குறைத்தது. சென்செக்ஸில் 50 புள்ளி ஒரு பொருட்டே இல்லை என்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் இத்தனை ஆரவாரம்? என் வீட்டுக்கடன் தவணையோ மாறவே இல்லை.
- சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சொல் ஒன்று, அளவு வேறு. வட்டியில் சொல்லப்படுவது அடிப்படைப் புள்ளி. 100 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு சதவீதம். அன்று 6 சதவீதமாக இருந்த ரெப்போ 5.5 ஆனது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டி இது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், மூன்று மாதத்துக்குள் குறைப்பு உங்களுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடனாகவோ, வங்கியல்லாத வீட்டுக்கடன் நிறுவனத்தில் வாங்கியதாகவோ இருந்தால், இந்த விதி பொருந்தாமல் இருக்கலாம்.

தவணை மாறவில்லை என்பதற்காக வட்டி குறையவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வங்கிகள் பெரும்பாலும் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களைக் குறைக்கின்றன. 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 26,990 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 8.5 ஆனால், தவணையைக் குறைத்துக்கொள்பவருக்கு மாதம் 957 ரூபாய் மிஞ்சும். முழுக் காலத்துக்கும் சேர்த்தால் சுமார் 2.3 லட்சம். பழைய தவணையையே தொடர்பவருக்கு 240 மாதக் கடன் 220 மாதத்துக்குள் முடிந்து, ஐந்தரை லட்சம் வரை மிச்சமாகும். கையில் நெருக்கடி இல்லையென்றால், நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் கடன் அறிக்கையை வாங்கி, மீதமுள்ள மாதங்கள் என்ற இடத்தைப் பாருங்கள்.

கேள்வி: இருசக்கர வாகனத்துக்கு 60,000 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, இரண்டு ஆண்டு, மாதம் 3,000 ரூபாய். வங்கியில் வேறொரு கடனுக்கு 13 சதவீதம் கேட்கிறார்கள். 10 சதவீதம்தானே மேல்?
- திருப்பூரிலிருந்து, பனியன் நிறுவனத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்

பதில்: அந்தப் 10 சதவீதம் எதற்கு என்று கேட்டீர்களா? 60,000 ரூபாய்க்கு இரண்டு ஆண்டு வட்டி 12,000. ஆக 72,000 ரூபாயை 24ஆல் வகுத்து 3,000 என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபிளாட் வட்டி என்பது இதுதான். ஒவ்வொரு மாதமும் நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் 2,500 அசலுக்கும் 500 வட்டிக்கும் போகிறது என்று கொள்ளுங்கள். முதல் மாதம் உங்கள் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. 500 ரூபாய் வட்டி நியாயம். ஓராண்டு கழித்து நீங்கள் தர வேண்டியது 30,000தான். அப்போதும் வட்டி 500. கடைசி மாதம் பாக்கி வெறும் 2,500 ரூபாய், அதற்கும் 500. அதாவது, திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

வங்கி சொன்ன 13 சதவீதம், குறைந்துகொண்டே வரும் பாக்கியின் மீது போடப்படுவதாக இருந்தால், உங்கள் வாகனக் கடனையும் அதே முறையில் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் போட்டால் அது ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. செயல்பாட்டுக் கட்டணம், கடனோடு சேர்த்துக் கட்டச் சொல்லும் காப்பீடு ஆகியவை இதற்கு மேல்.

கையில் கணிப்பொறி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் இத்தகைய தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீதத்தைக் குறிப்பிட்டு, கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இது பொது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே உள்ளதால், தமிழில் கேளுங்கள். இரண்டு இடத்திலும் அந்தத் தாளை வாங்கி, ஆண்டுச் சதவீதம் என்ற ஒரு வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.