குரல் எப்படிக் கேட்கிறது

ஐயா,
கணவருக்கு மனச்சோர்வுக்காக மூன்று வாரமாக சேர்ட்ரலின் குளிசை, 50 மில்லிகிராம். முன்பு நான் சும்மா பேசினாலும் "ஏன் ஏசுறாய்?" என்பார். இப்போது அப்படிக் கேட்பதில்லை. ஆனால் சின்னமகள் அழுதாலும் அசையாமல் இருக்கிறார். குளிசை மூளையை மரக்கச் செய்துவிட்டதா? பழகினால் விட முடியாது என்று மாமி சொல்கிறா. மூன்று நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

முதல் வரியில் எழுதவேண்டியதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? உடம்பில் சேர்ட்ரலினின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 26 மணித்தியாலம் போதும். மூன்று நாளில் பெரும்பகுதி போயிருக்கும். தலைசுற்று, குமட்டல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு வந்தால், அது சடுதியாக நிறுத்தியதன் விளைவு. மாமி சொல்லும் பழக்கம் அதுவல்ல; அந்தப் பேச்சை விடுங்கள். இன்றே கிளினிக்கில் கேளுங்கள். விட்ட குளிசைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. "ஏன் ஏசுறாய்?" என்று அவர் கேட்பதில்லை என்கிறீர்கள். அதை நீங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

மனச்சோர்வில் இருப்பவருக்குச் சாதாரணக் குரலும் கோபமாகவோ சலிப்பாகவோ கேட்கக்கூடும். சொல்லின் பொருளை ஒரு பக்கம் பிரிக்கும் மூளை, குரலின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் வலது பக்கத்தில், காதுக்கு மேலுள்ள மடலில் பிரிக்கிறது. அதில் ஆபத்து உண்டா என்று பார்ப்பதில் அமிக்டலா என்னும் மூளைப் பகுதிக்குப் பங்குண்டு. ஒக்ஸ்போர்டில் கத்தரின் ஹாமரின் குழு, நோயில்லாதவர்களுக்கு ஏழு நாள் இவ்வகை மருந்து கொடுத்துப் பார்த்தது. மனநிலை மாறவில்லை; ஆனால் பயந்த முகங்களுக்கு அமிக்டலா காட்டும் துடிப்பு குறைந்தது. முகங்களை வைத்தே ஆய்வுகள் அதிகம், குரலை வைத்துக் குறைவு. ஆனாலும் குரலுக்கும் வழி அதுவாகவே இருக்கலாம்: மனம் தெளிய சில வாரம் எடுக்கிறது, உலகம் அவர் காதில் விழும் விதம் அதற்கு முன்பே மாறத் தொடங்கலாம்.

இங்கேதான் எனக்கு உங்கள் வீட்டார்மேல் கோபம் வருகிறது. மருந்து காதிலிருந்த பயத்தைத்தான் குறைக்கும். நல்ல குரலை உண்டாக்கித் தராது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். "மறுகாவும் படுத்திட்டீங்களா?" என்று அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டால், புதிதாய்த் திறந்த காதுக்குள் பழைய குரலே போகும். பக்கத்தில் போய், முகம் தெரிய நின்று, ஒரு விசயத்தை மட்டும் சொல்லுங்கள். "சாப்பாடு போட்டிருக்கன்" போதும், பதிலுக்குக் காத்திருங்கள். டீவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் எடுக்கும் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆளுக்காள் புத்தி சொல்வதை இந்த மாதத்துக்காவது விடுங்கள். "மனச விட்டுராத, தைரியமா இரு" என்பதையும்தான். அவர் காதில் அது ஏச்சு.

மகளின் அழுகைக்கு வருகிறேன். அழுகிறாள் என்று தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லையா, அல்லது தெரியவே இல்லையா என்று அவரிடமே கேளுங்கள். சிரிப்பும் பாட்டும் சாப்பாட்டு ருசியும் சேர்ந்து மங்கியிருந்தால், அது இவ்வகை மருந்தால் பலருக்கு வரும் உணர்ச்சி மழுங்கல். மூளை சேதமில்லை, அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ டொக்டர் சரிசெய்ய முயல்வார். ஆனால் மூன்று வாரத்தில் அந்த அசையாமை நோயாகவும் இருக்கலாம். மருந்து தொடங்கும் முன் அவள் அழுதபோது எழுந்து போனாரா? அந்தப் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் முதலில் கேட்பார்கள்.

ஒருவேளை சாகும் பேச்சு ஏதும் வந்தால் நாளைக்குத் தள்ளாதீர்கள். இலங்கையின் மனநல உதவி எண்ணான 1926-க்கு எடுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள்.