மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் நெருங்க நெருங்க சுவீடனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளும் டிவியும் பற்றியவை. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

டிசம்பர் 24 அன்று பக்கத்து வீட்டு சுவீடன் குடும்பம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது. "மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். மூன்று மணிக்கு எல்லோரும் டிவி பார்ப்பார்களாம். விருந்தாளியை வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்களா? நாலு மணிக்குப் போனால் தப்பா? (உப்சாலாவிலிருந்து ஒரு வாசகி)

தப்பு என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நாலு மணிக்குப் போகாதீர்கள். மூன்று மணிக்கு இந்த நாட்டுப் பொது ஒளிபரப்பான எஸ்விடி சேனலில் "கல்லே அங்கா" ஓடும். கல்லே அங்கா என்றால் வேறு யாரும் இல்லை, நம் டொனால்ட் டக்தான். டொனால்டும் நண்பர்களும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வதாக ஒரு மணி நேர நிகழ்ச்சி, பழைய டிஸ்னி கார்ட்டூன் துண்டுகளைக் கோத்து 1958இல் அமெரிக்காவில் செய்தது. சுவீடனில் 1960 முதல் வருடம் தவறாமல் அதே நாளில் போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இருக்கும் நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி இது. அந்த வீட்டில் மீட்பாலும் ஹாமும் மேசையில் இருக்கும், காபி ஆறிக்கொண்டிருக்கும், தாத்தாவிலிருந்து பேரன் வரை சோபாவில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். அந்த சோபாவில் உங்களுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் "மூன்று மணிக்கு முன்னால்" என்பதற்கு அர்த்தம். விருந்தாளியை விட்டுவிட்டு டிவி பார்ப்பதாக நினைக்க வேண்டாம், உங்களை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டரைக்கே போய்விடுங்கள்.

அது சரி, அறுபது வருடமாக அதே கார்ட்டூனா? இன்று எந்தக் குழந்தையும் போனில் ஆயிரம் கார்ட்டூன் பார்க்கிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது? (யோத்தபோரி)

இதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். 1960இல் சுவீடனில் ஒரே ஒரு டிவி சேனல். இரண்டாவது சேனல் 1969 டிசம்பரில்தான் வந்தது. விளம்பரம் கிடையாது, அரசியல்வாதிகளின் கையில் இல்லாத பொது ஒளிபரப்பு, குழந்தைகளுக்கு நல்லது கெட்டது பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். டிஸ்னி கார்ட்டூன் வேண்டுமென்றால் சினிமா கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அப்படி இருந்த காலத்தில், வருடத்தில் ஒரே ஒரு நாள், பண்டிகை நாளன்று, வீட்டுக்குள்ளேயே டிஸ்னி வருகிறது என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தப் பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு காரணம் வானம். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 24 அன்று மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வடக்கே கிருனா பக்கம் அந்த நாட்களில் உதிப்பதே இல்லை. வெளியே இருட்டிவிட்டது, குளிர், பரிசுப் பொட்டலங்கள் மரத்தடியில் கிடக்கின்றன, பிரிக்கவும் விட மாட்டேன் என்கிறார்கள். பொறுமை இழந்த பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாருக்கும் தோன்றியிருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்கிறேன், முதல் தடவை பார்க்கும்போது பிடித்துக்கொள்ள உதவும். 1932ஆம் வருடப் படத்திலிருந்து சாண்டாவின் பட்டறை வரும், வரிசையாகப் பொம்மைகள் செய்து முத்திரை குத்தி அனுப்புவார்கள். மிக்கி, டொனால்ட், கூஃபி மூவரும் ஒரு கேரவனில் பயணம் போகும் துண்டு இருக்கிறது. காரை ஓட்டிக்கொண்டிருக்கும் கூஃபி, சாப்பாடு தயார் என்றதும் ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களோடு சாப்பிட உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார், வண்டி தானாக மலைப்பாதையில் போய்க்கொண்டிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வருகிற இடம் அது. அப்புறம் ஃபெர்டினாண்ட் என்ற காளை. சண்டை போடாமல் மரத்தடியில் உட்கார்ந்து பூ முகர்ந்துகொண்டிருப்பது. காளைச் சண்டை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டால் அங்கேயும் சண்டை போடாது. வீரர் கோபத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு நெஞ்சைக் காட்ட, அங்கே பூவைப் பச்சை குத்தியிருக்கிறது, காளை அதைப் போய் நக்குகிறது. என் கணக்கில் முழு நிகழ்ச்சியிலும் மிக அழகான நிமிடம் அதுதான்.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது பெங்க்ட் ஃபெல்ட்ரைக் என்பவரின் குரல். அவர் கார்ட்டூன்காரர் இல்லை, நோபல் பரிசு பெற்றவர்களை உட்கார வைத்துப் பேசிய அறிவியல் பத்திரிகையாளர். கடைசியில் நட்சத்திரத்தைப் பார்த்து ஆசைப்படும் அந்தப் பாட்டை சுவீடிஷில் பாடுவதும் அவரே. 2019இல் காலமாகிவிட்டார், குரல் மட்டும் ஒவ்வொரு வருடமும் வருகிறது. பெரியவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவதைப் பாருங்கள்.

ஒரு தடவைகூட மாற்றியதே இல்லையா? (மால்மோ)

மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1982இல் ஃபெர்டினாண்டை எடுத்துவிட்டு அசிங்கமான வாத்துக் குஞ்சு கதையைப் போட்டார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள், காளை அடுத்த வருடமே திரும்பி வந்தது. 2012இல் நடந்தது வேறு விஷயம். சாண்டாவின் பட்டறையில் கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாகக் காட்டும் ஒரு பொம்மை வரும், அந்தக் காட்சியை டிஸ்னி வெட்டியது. சுவீடனில் பெரிய வாக்குவாதம், சின்ன வயது நினைவைத் தொடாதீர்கள் என்று ஒரு பக்கம், என் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என்ன நினைக்கும் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். நம் நிறத்தில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இதில் நீண்ட யோசனை தேவையில்லை. சில விநாடிகள் போனதால் அந்த ஒரு மணி நேரத்தின் சந்தோஷம் குறைந்துவிடவில்லை.

மகன் இரண்டாம் வகுப்பு. டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து காலையில் எழுந்ததும் டிவி. கேட்டால், "யூல்கலெண்டர் பார்க்காமல் போனால் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேச முடியாது" என்கிறான். உண்மையா, சாக்கா? (வெஸ்தெரோஸ்)

முழுக்க உண்மை. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். யூல்கலெண்டர் என்றால் கிறிஸ்துமஸ் நாட்காட்டி, அந்தப் பெயரில் ஓடும் குழந்தைகள் தொடர்.

கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணுவதற்கு 24 சின்ன ஜன்னல்கள் உள்ள அட்டை நாட்காட்டி இங்கே 1934இலேயே வந்துவிட்டது, சாரணச் சிறுமிகளின் அமைப்பு வெளியிட்டது. அதை வைத்து வானொலி 1957இல் தினம் ஒரு கதைப் பகுதி சொல்ல ஆரம்பித்தது. 1960இல் டிவி பிடித்துக்கொண்டது, "தித்தெலித்தூரே" என்ற பொம்மலாட்டத்தோடு. அன்று முதல் இன்று வரை, டிசம்பர் 1 தொடங்கி 24 வரை, தினம் கால் மணி நேரம் போல, வருடத்துக்கு ஒரு தொடர்கதை. வானொலியிலும் தனியாக ஒன்று நடக்கிறது, அதற்கும் ரசிகர்கள் உண்டு. கதைக்கு ஏற்ற படம் வரைந்த அட்டை நாட்காட்டி கடைகளில் கிடைக்கும். காலையில் ஒரு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த ஜன்னலுக்குள் இருக்கும் படம் இன்றைய பகுதியில் எங்கே வரப்போகிறது என்று யோசித்துக்கொண்டே பிள்ளைகள் டிவி முன்னால் உட்காருவார்கள். அந்த அட்டையை வாங்கிக் கொடுங்கள், அது இல்லாமல் பார்ப்பது பாதி பார்ப்பதுதான்.

ஒவ்வொரு வருடமும் புதுக் கதை. 1979இன் "த்ரோல்தீதர்" பூதங்களின் உலகம். 1996இல் ஒரு குடும்பம் பேய்கள் குடியிருக்கும் கோட்டைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் "கிரேவெஹோல்ம் மர்மம்" வந்தது, அது பிடித்துப்போய் 2012இல் தொடர்ச்சி எடுத்தார்கள். 2020இன் "மிராகெல்" எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வீட்டில் நூறு வருட இடைவெளியில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்தி 1920இல் பணக்காரக் குடும்பத்தில், இன்னொருத்தி 2020இல் பெற்றோர் இல்லாமல் பராமரிப்பு இல்லத்தில், இருவரும் இடம் மாறிவிடுவார்கள். குழந்தைகளுக்கான கதையில் தனிமையை இவ்வளவு நேராகப் பேசியிருப்பதைப் பார்த்து அசந்துவிட்டேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளைகள் இடைவேளையில் சண்டை போட்டுக்கொள்வார்கள், பெரியவர்கள் அலுவலகத்தில் "இந்த வருடத்துத் தொடரில் கிறிஸ்துமஸ் வாசனையே இல்லை" என்று புலம்புவார்கள். அந்தப் புலம்பலும் வருடா வருடம் உண்டு, தப்பாமல்.

விளம்பரமே இல்லாமல் எப்படி இவ்வளவு செலவு செய்கிறார்கள்? (லின்ஷோப்பிங்)

நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். முன்பு டிவி வைத்திருப்பவர்கள் தனியாக உரிமக் கட்டணம் கட்டினார்கள். 2019 முதல் வரியோடு சேர்ந்து வருமானத்தில் ஒரு சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள், பொது ஒளிபரப்புக் கட்டணமாகப் போகிறது. உங்கள் வரிக் கணக்கில் தனியாகவே காட்டியிருப்பார்கள். போதாததற்கு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரம் செய்யவே இந்த நாட்டுச் சட்டத்தில் அனுமதி இல்லை. டிசம்பர் மாதம் முழுக்கப் பொம்மை விளம்பரத்தைத் திணிக்காத குழந்தைகள் டிவி! கட்டும் பணத்தில் எனக்கு மனம் நிறைந்து கட்டத் தோன்றுவது இதற்குத்தான்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. பிள்ளை இதையெல்லாம் பார்க்கலாமா? (ஒரு தாய், ஸ்டாக்ஹோம்)

தாராளமாக. கல்லே அங்காவில் மதமே இல்லை. நாட்காட்டித் தொடர்களிலும் பெரும்பாலும் பேய், திருடன், பூதம், குடும்பச் சண்டைதான். இயேசுவின் கதையை நேராக எடுத்த வருடம் 1987. லூசியா நாளான டிசம்பர் 13 அன்று அதிகாலையில் ஒளிபரப்பாகும் பாட்டு நிகழ்ச்சியில் பக்திப் பாடல்கள் வரும். வெள்ளை அங்கியும் தலையில் மெழுகுவர்த்தியுமாக நடந்துவரும் பெண், ஒவ்வொரு வருடமும் வேறோர் ஊர். ஒருமுறை இருட்டோடு எழுந்து பாருங்கள், பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நல்லது. வேண்டாமென்று நினைத்தால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

கிறிஸ்துமஸ் மாலையில் ஒரு கார்ட்டூன் பார்த்தேன். பையன் தபால் அலுவலகத்தில் பணக்காரர்களின் பரிசுகளைத் திருடி ஏழைகளுக்குக் கொடுக்கிறான், கடைசியில் பாராட்டு வேறு. பிள்ளைகளுக்குத் திருடச் சொல்லிக் கொடுப்பதா? (ஒரு தந்தை, ஓரெப்ரு)

நீங்கள் பார்த்தது "கார்ல்-பெர்டில் யோன்சனின் கிறிஸ்துமஸ்". தாகே டேனியல்சன் எழுதி, அவரே கதை சொல்ல, பெர் ஓலின் படமாக்கியது. 1975 முதல் டிசம்பர் 24க்கு இது இல்லாமல் முடியாது. உங்கள் கோபம் புரிகிறது, கதையில் அந்தப் பையனின் அப்பாவுக்கும் அதே கோபம்தான், தன் வீட்டிலேயே ஒரு கம்யூனிஸ்டை வளர்த்துவிட்டேனே என்று கத்துவார்.

ஆனால் பையன் எப்படித் திருடுகிறான் என்று கவனியுங்கள். கைக்குக் கிடைத்ததை எடுப்பதில்லை. யார் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று அச்சடித்த வரிப் பட்டியலை வைத்துக்கொண்டு, பொட்டலத்தின் மேல் உள்ள பெயரை அதில் தேடி, பணக்காரருடையதை மட்டும் ஒதுக்குகிறான். வருமானம் ஊரறிந்த தகவலாக இருக்கும் நாட்டில்தான் இப்படி ஒரு கதை பிறக்க முடியும். பின்னால் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பணக்காரர் வீட்டிலும் மன்னிப்புக் கேட்கப் போகிறார், அங்கே நடப்பது அப்பாவுக்கும் அதிர்ச்சி. உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அவன் செய்தது சரியா?" என்று கேளுங்கள். நான் கேட்ட பிள்ளைகள் யாரும் ஒரே மாதிரி பதில் சொன்னதில்லை. விடையைப் படமும் கையில் கொடுத்துவிடவில்லை, அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு மரியாதை.

கல்லே அங்கா முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அன்றைக்குக் கடை எங்கே திறந்திருக்கும்? (லுண்ட்)

பிள்ளைகள் காதில் விழாமல் படியுங்கள். சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டு, சிவப்புச் சட்டை, வெள்ளைத் தாடியோடு தொம்தே, அதாவது இந்த ஊர் சாண்டா, வந்து, "இங்கே சமர்த்துப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருப்பாரே? அப்போது அப்பா மட்டும் வீட்டில் இருந்திருக்க மாட்டார்.

மகளுக்கு ஏழு வயது, வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, சுவீடிஷ் புரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? (உமியோ)

கல்லே அங்காவில் பேச்சு புரியாவிட்டாலும் சிரிக்கலாம், அதற்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம். யூல்கலெண்டரைத்தான் கொஞ்சம் திட்டமிட்டுப் பாருங்கள். காலையில் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்ததாக இருக்கட்டும், சாயங்காலம் எஸ்விடியின் இணையச் சேவையான எஸ்விடி ப்ளேயில் அதே பகுதியை சுவீடிஷ் எழுத்து கீழே ஓடும்படி வைத்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி. முதல் வாரம் கதாபாத்திரங்களின் பெயர் தெரிந்தால் போதும். டிசம்பர் 1ஆம் தேதியே தொடங்கிவிடுங்கள், நடுவில் சேர்ந்தால் கதை பிடிபடாது. அட்டை நாட்காட்டி நவம்பரிலேயே கடைக்கு வந்துவிடும்.